வெம்மையை அளந்த கருவிகள்

(தளவாய்புரத்தில் தமிழன்பர் முன்னிலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழி விடியலில் கிணற்று நீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வோர், “நீர் வெதுவெதுப்பாக இருக்கின்றது” என்பர். அதே கிணற்று நீரைச் சித்திரை நண்பகலில் ஊற்றிக்கொண்டால், “எத்துணைக் குளிர்ச்சி!” என்பர். ஆழ்கிணற்று நீரின் வெப்பநிலை ஆண்டு முழுமையும் பெரிதும் மாறுவதில்லை. மாறியவை வெளிக்காற்றும் அதிற் பழகிய உடம்புமே. நீர் பொய் சொல்லவில்லை. தோல்தான் பொய் சொல்லிற்று.

ஐயமுறுவோர் இல்லத்திலேயே ஆய்ந்து பார்க்கலாம். மூன்று ஏனங்களில் ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீரும், ஒன்றில் குளிர்நீரும், நடுவணதில் இளஞ்சூட்டு நீரும் வைக்க. வலக்கையை வெந்நீரிலும் இடக்கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின் இரு கைகளையும் நடு ஏனத்தில் அமிழ்த்துக. ஒரே நீரை வலக்கை “தண்” என்னும். இடக்கை “வெம்” என்னும். ஒரே உடம்பின் இரு கைகளே ஒத்துப்போகாவிடின், இருவேறு மாந்தர் யாங்ஙனம் ஒத்துப்போவர்?

தமிழில் வெம்மை, சூடு, இளஞ்சூடு, வெதுப்பு, கணகணப்பு, கொதிப்பு, தண்மை, குளிர், சில்லிப்பு எனச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆயின், சொல் வகைப்படுத்துமேயன்றி அளக்காது. கொல்லன் உலையிரும்பின் நிறங்கண்டு பதமறிவான். திருவில்லிபுத்தூரில் பால் திரட்டுவோர் கரண்டியில் ஒட்டும் வகை கண்டு பக்குவம் அறிவர். அஃது உயர்ந்த கைத்திறனே. எனினும் அத்திறனை மடலில் எழுதி மற்றோர் ஊர்க்கு அனுப்ப இயலாது. ஓரிடத்து வெம்மையை வேறோரிடத்தார் ஐயமின்றி அறிய வேண்டுமெனின் எண் வேண்டும். எண்ணுக்குக் கருவி வேண்டும். அக்கருவி பிறந்து வளர்ந்த வரலாறும், அஃது இயங்கும் முறையும், அது தமிழ்நிலத்திற்குத் தந்த நன்மை தீமைகளுமே இன்றைய பொருள்.

காற்றால் அளந்த காலம்

வெப்பம் ஏறினாற் பொருள் விரியும்; இறங்கினாற் சுருங்கும். வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை போடும் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி விரியச் செய்து மாட்டி, நீரூற்றிச் சுருங்கவைத்து இறுக்குவர். அறியாத செய்தியன்று இது. விரிவு வெம்மையைப் பின்பற்றுமெனின், விரிவை அளந்து வெம்மையை அறியலாமன்றோ? வெப்பமானியின் உயிர்க்கருத்து இவ்வளவே.

திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்றனுள் மிகுதியாக விரிவது வளிமம். ஆதலின் முதற்கருவி காற்றினால் அமைந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டுக் கலிலியோ அதனைக் கையாண்டார் என அவர் மாணாக்கர் எழுதிவைத்தனர். கோழிமுட்டையளவினதாகிய ஒரு கண்ணாடிக் குமிழ்; அதனின்று நீளும், வைக்கோல் தாள்போல் மெல்லிய ஒரு குழல். குமிழை உள்ளங்கைகளாற் பொத்திச் சூடேற்றினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறும். உடனே குழலின் வாயை நீர்க்கிண்ணத்தில் கவிழ்த்து, கைகளை எடுத்துவிட வேண்டும். எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப நீர் குழலில் ஏறி நிற்கும். அதன்பின் குமிழ் சூடுற்றால் நீர்மட்டம் இறங்கும், குளிருற்றால் ஏறும். இன்றைய வெப்பமானிக்கு இது நேர்மாறு என்பதை நோக்குக.

இது வெம்மையின் ஏற்றவிறக்கத்தைக் காட்டிற்றேயன்றி அளக்கவில்லை. படுவா நகர மருத்துவப் பேராசிரியர் சாந்தோரியோ என்பார் குழலில் அளவுக்குறிகளைச் சேர்த்தார். 1612இல் வெளிவந்த தம் நூலில் அதனைக் குறிப்பிட்டார். குமிழை நோயாளியின் வாயில் வைத்து, குறிப்பிட்ட நேரத்தில் நீர் எவ்வளவு இறங்குகின்றது எனக் கண்டு, காய்ச்சலின் போக்கை அறிய முயன்றார். மருத்துவர் கைதொட்டறிந்த காய்ச்சல், கண்ணுக்குத் தெரியும் கோடாக மாறியது அன்றே.

ஆயினும் அக்கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. குழலின் அடிவாய் திறந்திருந்தமையால், வெளிக்காற்று கிண்ணத்து நீரை அழுத்திக்கொண்டேயிருந்தது. அவ்வழுத்தம் மாறினாலும் நீர்மட்டம் மாறும். 1643இல் தோரிசெல்லி வளியழுத்தத்தை அளந்து காட்டிய பின்னரே இக்குறையின் வேர் விளங்கிற்று. இராசபாளையத்து அடிவாரத்தினின்று அக்கருவியை மேற்குமலை உச்சிக்கு எடுத்துச் சென்றால், அங்கே வெம்மை மாறாதிருந்தாலும், அழுத்தக் குறைவால் நீர் தானே இறங்கி, “சூடு ஏறியது” எனப் பொய்க்கணக்குக் காட்டும்.

வாய் மூடிய குழல்

இக்குறை நீக்கும் வழி, குழலின் வாயை உருக்கி மூடிவிடுதல். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், தசுக்கானி நாட்டை ஆண்ட இரண்டாம் பெர்தினாந்தின் அவையில் அதனைச் செய்தனர். காற்றை விடுத்து வடித்த சாராயத்தைக் குமிழில் நிறைத்து, குழலின் நுனியை உருக்கி அடைத்தனர். வெளிக்காற்றின் அழுத்தம் இனி நீர்மத்தைத் தொடாது. வெம்மை மட்டுமே தொடும். பிளாரன்சு நகரக் கண்ணாடி வினைஞர் குழலின் நெடுகச் சிறு மணிகளை ஒட்டிப் பாகைகளைக் குறித்தனர்.

நீர்மத்தின் விரிவு மிகச் சிறிது. அதனைக் கண்ணுக்குப் பெரிதாகக் காட்டுவது பெருங்குமிழும் நுண்குழலும் சேர்ந்த அமைப்பே. ஒரு கன செண்டிமீட்டர் கொள்ளும் குமிழில் பாதரசம் நிறைந்துள்ளது எனக் கொள்வோம். ஒரு செல்சியசுப் பாகை ஏறினால் அது கண்ணாடியினும் விரிந்து மிகுவது ஆறாயிரத்தில் ஒரு பங்கே. ஆயின் அந்த மிகுதி 0.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழலில் ஏறும்போது ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் உயரும். குழல் நுண்ணிதாக நுண்ணிதாக ஏற்றம் நெடிதாகும். குழலின் உட்புழை முழுமையும் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். ஓரிடம் அகன்றும் ஓரிடம் குறுகியும் இருந்தால் பாகைகள் ஒப்ப அமையா.

கருவி செம்மையுற்றும் ஒரு குழப்பம் தீரவில்லை. ஒவ்வொரு வினைஞரும் தத்தம் விருப்பப்படி கோடு கிழித்தனர். ஒருவர் கருவியில் 40 என்பது மற்றவர் கருவியில் 13 ஆயிற்று. ஊருக்கொரு மரக்கால் வைத்து நெல்லளந்தாற் போன்ற நிலை அது.

இதளும் இரு நிலைப்புள்ளிகளும்

இவ்விரண்டையும் ஒருங்கு தீர்க்க முயன்றவர், தான்சிக் நகரிற் பிறந்து ஒல்லாந்தின் ஆம்சுடர்டாமில் கருவி செய்து வாழ்ந்த பாரன்கீட்டு. 1714 அளவில் அவர் சாராயத்தை விடுத்துப் பாதரசத்தைக் கையாண்டார். பாதரசத்திற்குத் தமிழில் இதள் என்று பெயர். இனி அப்பெயராலேயே குறிப்போம்.

இதளை ஏன் தெரிந்தெடுத்தார்? அது கண்ணாடியில் ஒட்டுவதில்லை; இறங்கும்போது சுவரில் துளி விட்டுச் செல்வதில்லை. வெள்ளிபோல் ஒளிர்வதால் நுண்குழலிலும் தெரியும். மாழை ஆதலின் வெப்பத்தை விரைந்து ஏற்கும். சாராயம் 78 பாகையிற் கொதித்துவிடும். ஆதலின் கொதிநீரை அளக்க அது பயன்படாது. இதள் உறைவது கழித்தல் 39 பாகையளவில். கொதிப்பது 357 பாகையளவில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுவெளியில் அது ஏறத்தாழ ஒரே சீராக விரிகின்றது. ஒரு குறை உண்டு: சாராயம் விரிவதில் ஆறில் ஒரு பங்களவே இதள் விரியும். ஆதலின் குழலை மேலும் நுண்ணிதாக்க வேண்டியதாயிற்று.

மயிரிழை போன்ற புழையில் இதளை ஊற்ற முடியுமோ? முடியாது. குமிழைச் சூடாக்கிக் காற்றை வெளியேற்றி, குழல்வாயை இதளில் அமிழ்த்திக் குளிரவிடுவர். சுருங்கும் காற்று இதளை உள்ளிழுக்கும். உள்ளே சென்ற இதளைக் கொதிக்கவைத்து எஞ்சிய காற்றையும் ஓட்டுவர். மீண்டும் அமிழ்த்துவர், மீண்டும் குளிர்விப்பர். குமிழும் குழலும் நிறைந்தபின், கருவி அளக்கவேண்டிய மேலெல்லைக்குச் சிறிது கூடுதலாகச் சூடேற்றி, நுனியை உருக்கி மூடுவர். குளிர்ந்ததும் இதள் கீழிறங்க, மேலே வெற்றிடம் நிற்கும். அக்காலக் கைவினையில் இதளைக் காய்ச்சாமல் வெப்பமானி பிறப்பதில்லை என்பதை நினைவில் இருத்துக.

இனி அளவுகோல். எந்நாட்டிலும் எக்காலத்தும் மாறாத இரு நிலைகளைக் கண்டு, அவற்றிற்கிடையே ஒப்பப் பகுத்தால் எல்லாக் கருவிகளும் ஒரே மொழி பேசும். பாரன்கீட்டு 1724இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று நிலைகளைக் கூறினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவை 0. பனிக்கட்டியும் நீரும் மட்டும் சேர்ந்தது 32. நலமுள்ள மாந்தன் உடம்பு 96. பின்னாளில் நீரின் கொதிநிலை 212 என நிலைப்படுத்தப்பெற்றபோது, உடம்பின் வெம்மை 96இனும் சற்று மிகுந்து வந்தது.

சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியசு, 1742இல் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையை 100 பாகையாகப் பகுத்தார். வியப்பு யாதெனின், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் எண்ணிட்டமையே! அவர் 1744இல் மறைந்த சிறிது காலத்திற்குள் அளவுகோல் தலைகீழாக்கப்பெற்று இன்றைய வடிவம் கொண்டது. கொதிநிலை வளியழுத்தத்தால் மாறும் என்பதையும் அவர் கருத்திற்கொண்டு, குறித்த அழுத்தத்திலேயே அதனைக் கொள்ள வேண்டும் என்றார். கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், கொடைக்கானல் மலைமேல் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த ஏனத்தில் பருப்பு வேகத் தாழ்ப்பதன் கரணியம் இதுவே.

ஒரு கருவி பல கருவியாதல்

இவ்வடிப்படையினின்று பல கிளைகள் தோன்றின. அறிஞர் உறங்கும் வேளையிலும் அன்றைய மிகுவெப்பமும் குறைவெப்பமும் தாமே பதிவாக வேண்டும் என எண்ணிய இங்கிலாந்தின் சேம்சு சிக்சு, 1780 அளவில் வளைகுழற் கருவியொன்றை அமைத்தார். அதன் ஒரு தலையிலுள்ள சாராயம் விரிந்து குழலிலுள்ள இதளைத் தள்ளும். இதள் தன் முனையிலுள்ள சிறு இரும்பூசியைத் தள்ளும். இதள் பின்வாங்கினாலும் ஊசி சென்ற இடத்திலேயே தங்கும். ஒரு புறத்து ஊசி மிகுவெப்பத்தையும், மறுபுறத்து ஊசி குறைவெப்பத்தையும் காட்டி நிற்கும். மறுநாளைக்குக் காந்தத்தால் ஊசிகளை இழுத்து இதளின்மேல் வைத்தாற் போதும்.

காய்ச்சல் பார்க்கும் கருவியிலோ குமிழுக்குமேல் குழல் ஓரிடத்தில் நெருக்கப்பட்டிருக்கும். விரியும் இதள் அந்நெருக்கத்தைப் பிதுங்கிக் கடக்கும். சுருங்கும்போது அவ்விடத்தில் இதட்கம்பி அறுந்து மேலே நின்றுவிடும். வாயினின்று எடுத்த பின்னும் எண் மாறாதிருப்பது இதனால். உதறினால்தான் கீழிறங்கும். முன்னாளில் ஓரடி நீளமும், இருபது மணித்துளி வைத்திருக்க வேண்டிய தொல்லையும் உடையதாயிருந்த இக்கருவியை, 1860களில் ஆங்கில மருத்துவர் கிளிபோர்டு ஆல்பட்டு ஆறங்குல நீளத்திற்கும் ஐந்து மணித்துளிக்கும் சுருக்கினார்.

இராசபாளையத்து நூற்பாலைகளுக்கு உரிய கிளை ஒன்றும் உண்டு. காற்று வறண்டால் இழை அறும். வறட்சியை அறிய இரு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழை ஈரத்துணியாற் சுற்றுவர். ஈரம் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று வறண்டிருப்பின் ஆவியாதல் மிகும். இரு எண்களுக்கும் உள்ள வேறுபாடும் மிகும். அவ்வேறுபாட்டைக் கொண்டு ஈரப்பதத்தைக் கணித்து, ஆலையில் நீர்த்திவலை தெளிக்கும் அளவை முடிவுசெய்வர்.

தமிழ்நிலத்தில் வெப்பமானி

1776 முதல் 1778 வரை சென்னைக் கோட்டை மருத்துவமனையில் துணை மருத்துவராயிருந்த வில்லியம் இராக்சுபரோ வானிலை நாட்குறிப்பு எழுதி வந்தார். அஃது இலண்டன் அரசக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. பிற்காலத்தில் நிலத்திணை அறிஞராகப் புகழ்பெற்றவர் இவரே.

1792இல் கிழக்கிந்தியக் கும்பணியார் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினர். அதனை அமைத்தவர் மைக்கேல் தாப்பிங்கு. அங்கே நாட்டிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிற் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அத்தூண் நுங்கம்பாக்கம் வானிலை மையத்து வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. அறிவியல் கூடத்தின் கல்லில் தமிழெழுத்து ஏறிய செய்தியைத் தமிழர் மறத்தலாகாது. 1796 முதல் அவ்வானாய்வகத்தில் வானிலை முறையாகக் குறிக்கப்பட்டது.

அங்குப் பணியாற்றிய கோல்டிங்காம் 1820, 1821 ஆண்டுகளில் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளின் ஒளி தெரிந்த நொடிக்கும் ஒலி கேட்ட நொடிக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து, ஒலியின் விரைவைக் கணித்தார். ஒவ்வொரு முறையும் வெப்பமானியின் எண்ணையும் உடன் குறித்தார். வெம்மை மிக்க திங்கள்களில் ஒலி விரைந்து வந்தமை அவ்வெண்களால் வெளிப்பட்டது. வெப்பமானி இல்லையேல், ஒரே தொலைவுக்கு வெவ்வேறு விடை வந்ததன் கரணியம் விளங்கியிராது.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கருவி தன் வெம்மையையே காட்டும். வெயிலில் வைத்தால் வெயில் காய்ந்த கண்ணாடியின் வெம்மையைக் காட்டுமேயன்றிக் காற்றின் வெம்மையைக் காட்டாது. ஆதலின் நிழலில், காற்றோட்டத்தில், தரையினின்று உயர்த்தி வைத்து, கண்ணை இதளின் மட்டத்திற்கு நேராக நிறுத்திப் படித்தல் வேண்டும்.

கொடைக்கானல் தந்த பாடம்

அவையோரே! கருவியின் பெருமையை மட்டும் கூறி முடித்தல் நேர்மையன்று. அதே இதள் தமிழ்நிலத்திற்கு இழைத்த கேட்டையும் கூறுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டு வாட்டர்டவுன் நகரிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. முதலிற் பாண்டுசு நிறுவனத்தின் கீழும், பின்னர் இந்துசுத்தான் இலீவர் நிறுவனத்தின் கீழும் அஃது இயங்கியது. 2001 மார்ச்சுத் திங்களில், இதள் கலந்த கண்ணாடி உடைசல்கள் அவ்வூர்ப் பழம்பொருட் கிடங்கொன்றில் தொன் கணக்கிற் கிடந்தமை வெளிப்பட்டது. ஊராரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் எதிர்த்தெழுந்தனர், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 தொன் இதட்கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆலையை அடுத்த பாம்பாற்றுச் சோலைக்காட்டின் மண்ணிலும் மாசு படிந்தது. இதளாவியால் தம் சிறுநீரகமும் நரம்பும் கெட்டன என்றும், தீங்கு தமக்கு உணர்த்தப்படவில்லை என்றும் தொழிலாளர் முறையிட்டனர். நோய்களுக்கு ஆலைப்பணி கரணியமன்று என நிறுவனம் மறுத்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின்பின், 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் உதவித்தொகை தரும் உடன்பாடு ஏற்பட்டது.

இதள் ஏன் தீங்காகின்றது? நீர்மமாயிருக்கும் ஒரே தூய மாழையாக அதனை ஆக்கும் தளர்பிணைப்பே, அறைவெப்பத்திலும் அதனை ஆவியாகச் செய்கின்றது. அவ்வாவிக்கு நிறமில்லை; மணமில்லை. மூச்சுவழிப் புகுந்து குருதியிற் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நுண்ணிதினும் நுண்ணிய வெம்மையை அளந்து காட்டிய பொருள், தன்னை மட்டும் காட்டாமல் உடம்பிற் புகுகின்றது. சப்பானில் 1956இல் வெளிப்பட்ட மினமாட்டா நோய், மீன்வழி உடம்பேறிய இதட்சேர்மத்தால் விளைந்தது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் உலக உடன்படிக்கை எழுந்தது; 2018இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்து ஏற்றது. இதள் வெப்பமானியின் ஆக்கத்தை முடிவுக்குக் கொணர்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இன்றைய மின்னணு வெப்பமானி, வெம்மையால் மாறும் மின்தடையை அளந்து எண் காட்டுகின்றது. உடைந்தாலும் இதள் சிந்தாது.

இல்லத்தில் பழைய இதள் வெப்பமானி இருப்பின் குழந்தைகள் கைக்கெட்டாமல் வைக்க. உடைந்துவிடின் துடைப்பத்தாற் பெருக்கற்க. துளிகள் மேலும் சிதறும். குழந்தைகளை அப்புறப்படுத்திப் பலகணிகளைத் திறந்து வைக்க. தங்க அணிகளைக் கழற்றிவிட்டு, கெட்டித்தாளால் துளிகளை ஒன்றுசேர்த்து, எஞ்சிய பொடித்துளிகளை ஒட்டுநாடாவால் எடுத்து, இறுக மூடும் புட்டியில் இடுக. சாய்கடையில் ஊற்றற்க, அடுப்பில் இடற்க.

அன்பர்களே! “உஷ்ணமானி” என்று பொத்தகங்களில் நின்ற சொல்லை நீக்கி “வெப்பமானி” என வழங்கச் செய்தது தமிழுணர்வு. அச்சொல்லை மாணவன் இன்று எளிதில் உணர்கின்றான். ஆயின் பெயரைத் தமிழாக்கியதோடு பணி முடிவதில்லை. குமிழ் ஏன் பெரிது, குழல் ஏன் நுண்ணிது, எண் எங்கிருந்து வந்தது, உள்ளிருக்கும் பொருள் உடம்பை என் செய்யும் என்பனவெல்லாம் பள்ளி மாணவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் தெளிந்த தமிழில் எட்டுதல் வேண்டும். தன் கைப்பொருளின் இயல்பைத் தன் மொழியில் அறிந்த தொழிலாளி, அப்பொருள் தனக்கு ஊறு செய்யும்முன் வினவுவான். அவ்வினாவை எழுப்பும் அளவிற்கு அறிவியல் தமிழில் பெருகுதல் வேண்டும். ஒவ்வோர் ஆலை வாயிலிலும் கையாளும் பொருளின் தீங்கு தமிழில் எழுதப்பட வேண்டும் எனக் கேட்பது, தமிழ்ப்பணியும் ஆகும். உயிர்காக்கும் பணியும் ஆகும்.